செட்டிநாட்டு வீட்டிற்கு வீடியோ காலிங் பெல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் மாட்டிய மணி ஒரு கோடையோடு பழுதாயிற்று, இரண்டாவது, சிக்னல் எட்டாமல் பெட்டிக்குத் திரும்பியது, மூன்றாவதுதான் நிலைத்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளை மனத்தில் வைத்து எழுதப்படும் வழிகாட்டிகள் நம் வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. அங்கே வாசலுக்கும் ரூட்டருக்கும் நடுவில் பத்தடி தூரம்தான் இருக்கும். இங்கே முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில்தான் முடிகிறது.

சாதாரண காலிங் பெல் இருக்கும்போது வீடியோ மணி எதற்கு?

வீடியோ மணி என்பது பொத்தான், கேமரா, மைக், ஸ்பீக்கர் ஆகிய நான்கும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய கருவியாகும். பொத்தானை அழுத்தியவரின் முகத்தை நீங்கள் வீட்டுக்குள் இருக்கும் திரையிலோ கைப்பேசியிலோ பார்த்து, கதவைத் திறக்காமலேயே பேசலாம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியரான மேரி வான் பிரிட்டன் பிரவுன், நேரங்கெட்ட நேரத்தில் வேலை முடித்து வந்து தனியே இருக்க வேண்டியிருந்ததால், மின்னணுப் பணியாளரான தம் கணவரோடு சேர்ந்து, கதவுக்கு வெளியே நிற்பவரை அறைக்குள் இருந்தே பார்க்க உதவும் அமைப்பிற்கு 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்றார். அவருக்கு இருந்த தேவைதான் இன்று நம் ஊரில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார்களுக்கும் இருக்கிறது.

நம் பகுதியில் இதை இரண்டு வகையான வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதான பெற்றோர் மட்டும் ஊரில் இருக்கும் வீடு ஒன்று; முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கப்பட்டு மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் வீடு மற்றொன்று. இரண்டிற்கும் ஒரே மணி சரிப்படாது. உங்கள் வீடு எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

மாடல்களை ஒப்பிடுவதற்கு முன் வீட்டில் எதைச் சோதிக்க வேண்டும்?

மணியை மாட்ட நினைக்கும் இடத்தில் மின்சாரமும் இணையமும் இருக்கின்றனவா என்பதைத்தான். கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு, முகப்பில் அந்த இடத்தில் நின்று, பின்னால் இருக்கும் தேக்குக் கதவை நன்றாகச் சாத்தச் சொல்லுங்கள். பிறகு யாருக்காவது வீடியோ அழைப்பு செய்து ஐந்து நிமிடம் பேசுங்கள். படம் உறையாமல், குரல் அறுபடாமல் வந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. கதவைத் திறந்து வைத்துச் சோதிப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. இரவில் கதவைச் சாத்திய பிறகுதான் மணி உண்மையில் தேவைப்படும்.

இணைய வேகத்தில் நாம் வழக்கமாகப் பார்ப்பது பதிவிறக்க வேகம். மணிக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். 1080பி தரத்தில் ஒரு கேமராவுக்கு ஏறத்தாழ 2 எம்பிபிஎஸ் பதிவேற்றம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். சிம் கார்டு போட்ட ரூட்டரை நம்பியிருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் இந்த வேகம் விழுந்துவிடுவதால், சோதனையை மாலையில் இன்னொரு முறையும் செய்து பாருங்கள்.

வளவில் ரூட்டர் இருக்கிறது; முகப்பில் சிக்னல் ஏன் எட்டுவதில்லை?

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு ஒன்றரை அடி, இரண்டடி கனத்தில் எழுப்பிய சுவர்களை வைஃபை எளிதில் துளைத்துச் செல்லாது. அதற்கு மேல் கனமான பர்மா தேக்குக் கதவும், பிற்காலத்தில் முகப்பில் போட்ட இரும்புக் கிரில்லும் வேறு குறுக்கே நிற்கின்றன. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் பரவலாக உள்ளன. முன்னது வேகம் குறைந்தது என்றாலும் சுவரைக் கடப்பதில் தேவலை. பல வீடியோ மணிகள் 2.4-இல் மட்டுமே வேலை செய்யும் என்பதால், புதிய மணியை இணைக்கும்போது கைப்பேசி 5-இல் இருந்தால் இணைப்பு அமையாமல் போவதுண்டு. மணி பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

இதற்கு மலிவான தீர்வாகக் கடைகளில் ரிப்பீட்டர் கொடுப்பார்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்களில் வேகம் பாதியாகக் குறைந்துவிடும். எங்கள் இரண்டாவது மணி அதனால்தான் பெட்டிக்குப் போயிற்று. நான் எல்லோருக்கும் சொல்வது, ரூட்டரிலிருந்து முகப்பு வரை ஒரு லேன் கேபிளை இழுத்து, அங்கே ஒரு சிறிய வைஃபை பெட்டியை வையுங்கள் என்பதுதான். நல்ல கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை தரம் குறையாமல் செல்லும். நம் வீட்டின் நீளத்திற்கு இது பெரும்பாலும் போதும்.

கேபிளைக் கொண்டுபோக எங்கள் வீட்டில் ஒரு துளைகூடப் போடவில்லை. வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் உத்தரத்தில், மரச்சட்டங்கள் சுவரைச் சந்திக்கும் மூலையை ஒட்டிக் கேபிளை ஓட்டி, பழைய மின்கம்பி சென்ற மரப்பட்டியின் மேல்விளிம்பிலேயே படுக்கவைத்து, முகப்பு நிலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தின் வழியாக வெளியே எடுத்தோம். மரத்தின் நிறத்திலேயே பழுப்புக் கேபிளைத் தேடி வாங்கியதால், கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலும் அது கண்ணில் படவில்லை. வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் முதலில் டிரில்லைத்தான் கையில் எடுத்தார். அரை மணி நேரம் வீட்டைச் சுற்றிக் காட்டிய பிறகு இந்த வழியைக் கண்டுபிடித்தவரும் அவரேதான்.

பேட்டரியில் ஓடும் மணி, மின்கம்பியில் ஓடும் மணி, லேன் கேபிளில் ஓடும் மணி ஆகியவற்றில் எது நல்லது?

கேபிள் இழுக்க முடிந்த வீட்டிற்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, லேன் கேபிள் வழியாகவே மின்சாரமும் இணையமும் பெறும் பி.ஓ.இ. வகை மணிதான். 2003-இல் வந்த தரநிர்ணயத்தின்படியே ஒரு கேபிளில் 15 வாட் வரை மின்சாரம் அனுப்பலாம். மணிக்கு அது தாராளம். முகப்பில் தனி மின்சாரப் புள்ளி வேண்டாம், வைஃபை தொல்லையும் கிடையாது. விலை சற்றுக் கூடுதல், மாடல்களும் குறைவு. இடி மின்னல் காலத்தில் நீளமான செம்புக் கேபிள் அதிர்ச்சி மின்னோட்டத்தை உள்ளே கடத்தக்கூடும் என்பதால், ரூட்டர் முனையில் ஒரு சர்ஜ் தடுப்பான் வைத்துக்கொள்வது நல்லது.

பேட்டரி மணியை மாட்டுவது மிக எளிது. வாடகை வீட்டுக்காரர்களுக்கும் பொருந்தும். ஆனால் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். லித்தியம் அயன் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. காற்றின் வெப்பமே சித்திரை, வைகாசியில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, மேற்குப் பார்த்த முகப்பில் நேர்வெயிலில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கூடு அதைவிட எவ்வளவோ சூடேறும். எங்கள் முதல் மணி அப்படித்தான் போயிற்று. ஒரு நாள் மாலை, அதன் பின்மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. கழற்றிப் பார்த்தபோது பேட்டரி அப்பளம்போல் உப்பியிருந்தது. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ மறுபடி சார்ஜ் செய்யவோ கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குவோரிடம் சேர்த்துவிட வேண்டும்.

பூட்டிய வீட்டிற்குப் பேட்டரி மணி வாங்கவே வேண்டாம். சார்ஜ் தீர்ந்தால் கழற்றிப் போட அங்கே ஆள் இல்லை.

பழைய காலிங் பெல்லின் கம்பியிலேயே புதிய மணியை இணைத்துவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நம் வீடுகளின் டிங்டாங் மணி நேராக 230 வோல்ட்டில் ஓடுகிறது. வெளிநாட்டுச் சந்தையை நோக்கிச் செய்யப்பட்ட பல வீடியோ மணிகள் 16 முதல் 24 வோல்ட் மாறுமின்னோட்டத்தை எதிர்பார்ப்பவை. அங்குள்ள வீடுகளில் அதற்கென ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே இருக்கும். அத்தகைய மணியை நம் பழைய கம்பியில் இணைத்தால் கருவி அந்தக் கணமே கருகும். மழையில் நனைந்த பொத்தானைத் தொடும் விருந்தாளியின் உயிருக்கே ஆபத்து நேரலாம். பெட்டியின் மேல் எழுதியுள்ள மின்னழுத்தத்தைப் படித்து, அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரையோ அடாப்டரையோ சுவருக்கு உட்பக்கம் வைத்து, குறைந்த மின்னழுத்தக் கம்பியை மட்டும் வெளியே விட வேண்டும். இதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், அதுவும் மெயினை அணைத்த பிறகு.

மின்தடையின்போது மணி வேலை செய்யுமா?

மணிக்கு மின்சாரம் இருந்தும் ரூட்டர் அணைந்துவிட்டால் உங்கள் கைப்பேசிக்கு ஒன்றும் வராது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களைத் திருடர்களும் செய்தித்தாளில் படிக்கிறார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இணைய மோடம், ரூட்டர், மணி மூன்றையும் அதன் இணைப்பில் சேர்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டிற்கு, ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வாங்கலாம். ஆனால் அது சில மணி நேரம்தான் தாங்கும். எத்தனை மணி நேரம் என்பதைப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல், ஒரு நாள் சுவிட்சை அணைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

படம் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும்? 2கே, 4கே தேவையா?

1080பி போதும். 2கே இருந்தால் நல்லது. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை கேபிளுக்குச் செலவிடுங்கள்.

நம் முகப்புக்கு உண்மையில் வேண்டியது வேறு. வந்தவர் திண்ணை நிழலில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் தெருவில் உச்சிவெயில் கொளுத்துகிறது. சாதாரண கேமரா தெருவின் வெளிச்சத்திற்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதால், வந்தவரின் முகம் கறுத்த நிழலாகத்தான் தெரியும். வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்யும் எச்டிஆர் அல்லது டபிள்யூடிஆர் வசதி உள்ளதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், நடுப்பகலில் கடை வாசலைப் பார்த்து வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, படத்தின் வடிவம். தொலைக்காட்சித் திரைபோல் அகலமான படத்தில் முகம் தெரியும், காலடியில் வைத்துவிட்டுப் போன பார்சல் தெரியாது. சதுரமான அல்லது உயரவாக்கிலான படம் தரும் மணி, தலை முதல் தரை வரை காட்டும். திண்ணைத் தூண் குறுக்கே வந்து பாதிப் படத்தை மறைக்கிறதா என்பதையும் மாட்டுவதற்கு முன்பே, கைப்பேசிக் கேமராவை அந்த இடத்தில் பிடித்துப் பார்த்துவிடலாம்.

இரவில் இந்த மணிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் படமெடுக்கின்றன. நம் முகப்புச் சுவர்களின் வெள்ளைப் பூச்சு, கண்ணாடிபோல் இழைத்துப் பளபளப்பாக்கப்பட்டது. மணிக்கு அரை அடியில் அப்படியொரு பக்கச் சுவர் இருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெளுத்துவிடும். மணியை அந்தச் சுவரிலிருந்து சற்று விலக்கியோ, ஆப்பு வடிவத் தாங்கியில் சாய்த்தோ வைத்தால் சரியாகிவிடும். திண்ணையில் ஒரு சிறிய எல்இடி விளக்கை இரவு முழுதும் எரியவிடுவது இன்னும் எளிய வழி. முகமும் நிறத்தோடு தெரியும்.

எந்த இடத்தில் மாட்டுவது? கதவு நிலையில் துளை போடலாமா?

நிலையில் போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கஜலட்சுமியும் கொடிகளும் செதுக்கிய நிலையில் இரண்டு திருகாணிக்காக இடும் துளையை, எந்த ஆசாரியாலும் இனி மூட முடியாது. இழைத்த சுண்ணாம்புப் பூச்சிலும் டிரில் போட்டால் துளையைச் சுற்றி ஓடுபோல் பெயர்ந்துவிடும். அதே பக்குவத்தில் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள். செட்டிநாட்டு ஊர்களின் வீடுகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

முகப்பில் இரும்புக் கிரில் இருந்தால் அதுவே சிறந்த இடம். கிரில் கம்பியை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும் தாங்கியைப் பட்டறையில் சொல்லிச் செய்து, அதன் மேல் மணியைப் பொருத்தலாம். கிரில் இல்லாத வீட்டில், பழைய சுவிட்சுப் பலகை இருந்த இடத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்தி ஒரு தேக்குப் பலகையைப் பொருத்தி, அதில் மணியை மாட்டலாம். உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி. உயரமான படிகள் உள்ள வீடுகளில், வந்தவர் எந்தப் படியில் நின்று பொத்தானை அழுத்துவார் என்பதைப் பார்த்து, அந்தப் படியிலிருந்து அளக்க வேண்டும். ஐபி65 என்று குறிப்பிட்ட மணி தூசியை முழுவதும் தடுக்கும், எந்தப் பக்கத்திலிருந்தும் பீய்ச்சும் நீரையும் தாங்கும். காலையில் வாசல் தெளிப்பதும் வடகிழக்குப் பருவமழைச் சாரலும் அதை ஒன்றும் செய்யாது.

மணி அடித்தாலும் அடுப்படியில் கேட்பதில்லையே?

மற்ற எல்லாக் குறைகளையும்விட அதிகமாக நான் கேட்டது இதுதான். என் பெரியாத்தா வீட்டில், மகன் அனுப்பிய மருந்துப் பார்சல் இரண்டு முறை திரும்பிப் போயிற்று. மூன்றாம் முறை அந்தப் பையன் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்கே வந்து, "ஆச்சி, மூணு நாளா பெல் அடிச்சு அடிச்சுப் போறேன்" என்றான். முகப்பில் விலை உயர்ந்த மணிதான் இருந்தது. அவர்கள் நாளெல்லாம் இருப்பது மூன்றாம் கட்டில். கைப்பேசி முன்கட்டு அலமாரியில் சார்ஜில் கிடந்தது. மிக்ஸி ஓடும்போது இடியே விழுந்தாலும் அங்கே கேட்காது.

மணியோடு தரும் ஒலிப்பெட்டி ஒன்று போதாது. இரண்டாம் கட்டில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று இரண்டையாவது வையுங்கள். கூடுதல் ஒலிப்பெட்டி சேர்க்க முடியாத மணியை வாங்காதீர்கள். ஒலிப்பெட்டியும் வைஃபையிலோ வேறு வானலையிலோதான் இயங்குகிறது என்பதால், வாங்குவதற்கு முன் அதையும் அதே இடத்தில் செருகிப் பார்க்க வேண்டும். காது மந்தமானவர்களுக்கு, மணி அடிக்கும்போது விளக்கும் மின்னும் வகை உதவும்.

கைப்பேசிச் செயலியைக் கையாள விரும்பாத பெரியவர்களுக்கு வீடியோ டோர் போன் என்ற பழைய வகையே மேல் என்பது என் உறுதியான எண்ணம். வெளியே பொத்தானும் கேமராவும், உள்ளே சுவரில் ஏழு அங்குலத் திரையும், நடுவில் கம்பியும் இருக்கும். இணையமே தேவையில்லை. மணி அடித்ததும் திரை தானாக ஒளிர்ந்து முகத்தைக் காட்டும். ஒரே ஒரு பொத்தானை அழுத்திப் பேசலாம். இதிலும் சில மாடல்களில் இணையத்தை இணைத்தால், அதே அழைப்பு மகனின் கைப்பேசிக்கும் போகும். பெரியாத்தா வீட்டில் இப்போது இருப்பது இந்த வகைதான். திரையை அடுப்படி நிலைக்குப் பக்கத்தில், அவர்கள் உட்கார்ந்து காய் நறுக்கும் இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் தெரியும்படி மாட்டினோம்.

யாரும் வராமலேயே கைப்பேசி நாளெல்லாம் ஒலிக்கிறது, எப்படித் தடுப்பது?

மாடு, ஆடு, நாய், பள்ளிப் பிள்ளைகள், தெருவில் போகும் பேருந்து என எது அசைந்தாலும் கேமரா எச்சரிக்கை அனுப்பும். செயலிக்குள் சென்று, படத்தில் திண்ணையும் படியும் உள்ள பகுதியை மட்டும் கவனிக்கும்படி எல்லை வரைந்துவிட்டு, மனிதர்களை மட்டும் அடையாளம் காணும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். இதற்கு நேர்மாறான குறை ஒன்றும் உண்டு. பல மணிகள், குறிப்பாகப் பேட்டரி மணிகள், உடல் வெப்பத்தை உணர்ந்துதான் விழிக்கின்றன. சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் கோடைப் பகலில் ஆளுக்கும் பின்னணிக்கும் வேறுபாடு தெரியாமல், அந்த உணரி மந்தமாகிவிடும். நடுப்பகலில் ஆள் வந்தும் பதிவாகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. தொடர்ந்து பதிவு செய்யும் கம்பி இணைப்பு மணியில் இந்தக் கவலை இல்லை.

பதிவுகளை மெமரி கார்டில் வைப்பதா, கிளவுடில் வைப்பதா?

ஒரு சிறு கணக்குப் போடலாம். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திற்கு 900 எம்பி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி ஆகும். ஆகவே 128 ஜிபி கார்டில் ஐந்தரை நாள் முதல் ஆறு நாள் வரைதான் தங்கும், எச்.265 முறையில் சுருக்கும் மணியானால் ஏறக்குறைய இருமடங்கு நாட்கள் கிடைக்கும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்தால் வாரக்கணக்கில் வரும்.

கார்டு மணிக்குள்ளேயே இருந்தால், மணியைப் பிடுங்கிச் செல்பவன் பதிவையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறான். வீட்டுக்குள் இருக்கும் ஒலிப்பெட்டியிலோ தனிப் பதிவுப் பெட்டியிலோ சேமிக்கும் வகை நமக்கு ஏற்றது. கிளவுடில் அந்தப் பயம் இல்லை, ஆனால் மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டும். சந்தா கட்டாவிட்டால் எந்தெந்த வசதிகள் நின்றுபோகும் என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மணிகளில் பழைய பதிவைப் பார்ப்பதே முடியாது.

வீடு ஆண்டு முழுவதும் பூட்டியிருக்கிறது. சிங்கப்பூரில் இருந்து மணியை நம்பலாமா?

ஓரளவுக்கு. அங்கே நேரம் இரண்டரை மணி முந்தியது. நம் ஊரில் இரவு பத்தரை என்றால் உங்களுக்கு ஒரு மணி, நல்ல உறக்கம். ஆகவே எச்சரிக்கை உங்கள் ஒருவர் கைப்பேசிக்கு மட்டும் வரக்கூடாது. ஊரிலேயே இருக்கும் ஒரு பங்காளிக்கும் காவல்காரருக்கும் அதே அழைப்பு போகும்படி செய்யுங்கள். காவல்காரருக்கு, கேமராவைத் தம்மைக் கண்காணிக்க வைத்திருக்கிறார்கள் என்ற வருத்தம் வராமல், முதல் நாளே அதைக் காட்டி விளக்கி, பயன்படுத்தவும் கற்றுக்கொடுங்கள். முப்பது ஆண்டுகள் சாவியைச் சுமந்தவர் அவர்.

மணி அடித்தவரிடம் "வீட்டில் யாரும் இல்லை, நான் வெளிநாட்டில் இருக்கிறேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "உள்ளே வேலையாக இருக்கிறோம், பிறகு வாருங்கள்" என்பது போதும்.

பின்வாசலை மறக்க வேண்டாம். நம் வீட்டின் பின்கதவு அடுத்த தெருவில், ஆள் நடமாட்டம் குறைந்த பக்கத்தில் இருக்கிறது. பெட்டக அறைக்குக் குறிவைத்து வருபவன் முகப்பில் மணி அடித்துவிட்டு வரமாட்டான். பின்பக்கத்திற்கு மணி வேண்டியதில்லை, ஒரு சாதாரண கண்காணிப்புக் கேமரா போதும். முகப்பு மணியும் பின்வாசல் கேமராவும் ஒரே செயலியில் தெரியும்படி வாங்கினால் பார்ப்பது எளிது. வெளியூர் போகுமுன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருப்பதைச் சொல்லிவையுங்கள். கண்முன்னே அத்துமீறல் நடந்தால், ஊரில் இருப்பவரை 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவானது. ஒருவர் மட்டும் மாட்டலாமா?

எல்லோரிடமும் பேசி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு மாட்டுங்கள். கொல்கத்தாவில் சேர்ந்து குடியிருந்த ஒரு வீட்டின் வசிப்பிடப் பகுதிக்குள், உடன் வாழ்பவரின் சம்மதம் இல்லாமல் கேமராக்கள் வைத்த வழக்கில், அது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. முகப்பு மணி தெருவைப் பார்ப்பதுதான் என்றாலும், கதவு திறந்தவுடன் வளவு தெரியும்படி எதிர்ச்சுவரில் கேமரா வைத்தால் சிக்கல் வரும். எதிர்வீட்டின் உட்பக்கம் தெரிந்தால், செயலியில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பல மணிகளில் உண்டு. அதைப் பயன்படுத்துவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தம் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. ஆனால் வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துபவர்கள் அந்த விலக்கை நம்ப முடியாது; கேமரா இருப்பதை வாசலிலேயே எழுதி வைப்பது நல்லது.

நிறுவனத்தார் நம் வீட்டு வீடியோவைப் பார்க்க முடியுமா?

முடியும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். அமேசானுக்குச் சொந்தமான ரிங் நிறுவனத்தின் பணியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களைப் பார்க்க இடமளிக்கப்பட்டது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றஞ்சாட்டியதும், அது 58 லட்சம் டாலர் செலுத்தும் உடன்பாட்டில் முடிந்ததும் பொதுவில் உள்ள செய்தி. உங்கள் கைப்பேசியில் மட்டுமே வீடியோவைத் திறக்க முடிகிற முனைக்கு முனை மறையாக்கம் உள்ள மணியையோ, வீட்டிலேயே பதிவைச் சேமிக்கும் மணியையோ தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும். பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஒரே கடவுச்சொல்லைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். மணியை மாட்டவந்தவர் தம் கைப்பேசியில் முதலில் பதிவு செய்திருந்தால், உரிமையாளர் கணக்கு அவரிடமே இருக்கும். அவர் போவதற்கு முன் அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கடையில் வேறு என்ன கேட்க வேண்டும்?

எத்தனை டிகிரி வெப்பம் வரை இயங்கும் என்று கேளுங்கள். 50 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். பழுதானால் காரைக்குடியிலோ மதுரையிலோ பார்ப்பார்களா, கருவியைக் கூரியரில் அனுப்ப வேண்டுமா என்பதையும், கூடுதல் ஒலிப்பெட்டி தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பில் வாங்குங்கள்.

கல்யாணம், படைப்பு நாட்களில் மணியை என்ன செய்வது?

அந்த நாட்களில் முகப்புக் கதவு விடிகாலை முதல் நள்ளிரவு வரை திறந்தே இருக்கும். யாரும் மணி அடித்து வரமாட்டார்கள். ஒலிப்பெட்டியையும் அசைவு எச்சரிக்கையையும் அணைத்துவிட்டு, பதிவை மட்டும் ஓடவிடுங்கள். மாலை, தோரணம், வாழைமரம் கட்டுபவர்களிடம் கேமராவின் முன் எதுவும் தொங்காதபடி கட்டச் சொல்லுங்கள். விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நாளில், சாவியைக் காவல்காரரிடம் கொடுப்பதற்கு முன், எச்சரிக்கையைத் திரும்ப இயக்கிவிட்டு, தெருவில் இறங்கி நின்று பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.